இரண்டு விளக்கும் எரிந்தால் புள்ளி யாருக்கு? வாள்வீச்சுச் சொற்களை எங்கிருந்து பிடிப்பது?

புதுக்கையுறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்கள், அதில் ஃபாயில் பழக ஆரம்பித்திருக்கிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் வரிசையில் நிற்கிறேன். கால் வேலை மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. வார்த்தைகள்தான் பிடிபடவில்லை. பாரி, ரிபோஸ்ட், ரெமீஸ், பீட், கூப்பே, சிக்ஸ்ட், ஆக்டேவ் என்று ஒரு பெரிய பட்டியலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் அர்த்தம் சொல்லிவிடுவேன். ஆனால் ஓர் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் எது எப்போது நடந்தது என்றே தெரிவதில்லை.

குறிப்பாக ஒன்று. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. ஒருவருடைய வாள் முந்திப் பட்டது என் கண்ணுக்கே தெரிகிறது. நடுவர் புள்ளியைப் பிந்திப் பட்டவருக்குக் கொடுக்கிறார், முந்திப் பட்டவரும் மறுபேச்சில்லாமல் தன் கோட்டுக்குத் திரும்பிப் போகிறார். இது ஏன்? இந்தச் சொற்களை எந்த வரிசையில் கற்றுக்கொண்டால் இதெல்லாம் புரியும்?

---

நடுவர்மேசை எழுதியது:

புதுக்கையுறை, அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். ஒரு மோதல் முடிந்ததும் என்ன நடந்தது என்று நடுவர் திரும்பச் சொல்கிறார் இல்லையா, அந்தப் பேச்சுக்காக இருக்கும் சொற்கள் இவை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும்போதுதான் அவற்றுக்குப் பொருள். தனியாகப் பிடுங்கி வைத்தால் உயிர் போய்விடும்.

முதலில் விளக்கு. விளக்கை எரிய வைக்கும் மின்பெட்டிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: முனை பட்டதா, எங்கே பட்டது. யார் பக்கம் நியாயம் என்று அதற்குத் தெரியாது. ஃபாயிலில் ஒருவர் தொட்ட பிறகு 300 மில்லி விநாடி வரை அடுத்தவரின் டச்சையும் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு பட்டால் விளக்கு எரியாது. ஆகவே இரண்டு விளக்கும் எரிவது ஃபாயிலில் அன்றாடம் நடப்பது. அப்போது புள்ளி யாருக்கு என்பதை முன்னுரிமைதான் முடிவு செய்யும், யார் முந்திப் பட்டார் என்பது அல்ல.

முன்னுரிமை கைமாறும் விதம் இது. ஒருவர் அட்டாக்கைத் தொடங்கிவிட்டால் உரிமை அவருடையது. எதிராளி அதைப் பிளேடால் தடுத்தால் அது பாரி. அந்த நொடியில் உரிமை தடுத்தவர் கைக்குப் போகிறது. அவர் உடனே திருப்பி அடித்தால் அது ரிபோஸ்ட். அதையும் முதலாமவர் தடுத்துத் திருப்பினால் கவுண்டர் ரிபோஸ்ட். இப்படியே போகும். இந்தத் தொடருக்குத்தான் ஃப்ரேஸ் என்று பெயர். நடுவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்: "இடப்பக்கம் அட்டாக், பாரி, வலப்பக்கம் ரிபோஸ்ட், டச்." இவ்வளவுதான். இதில் முதல் ஆள் தடுக்கப்பட்ட பிறகும் கையை எடுக்காமல் அப்படியே அழுத்தி முந்திப் பட்டிருக்கலாம். அதன் பெயர் ரெமீஸ். ரிபோஸ்ட் தாமதமில்லாமல் வந்திருந்தால் ரெமீஸுக்கு அதன் முன் உரிமை கிடையாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையை நேராக நீட்டி முனையை எதிராளியின் மார்பில் வைக்கிறீர்கள். அசைவு ஒன்றே. நீங்கள் முதலில் தொடங்கியிருந்தால் அது அட்டாக். அவர் தொடங்கிய பிறகு அதன் ஊடே நீட்டினால் கவுண்டர் அட்டாக். அவர் வாளைத் தடுத்துவிட்டு நீட்டினால் ரிபோஸ்ட். அவர் எதையும் தொடங்குவதற்கு முன்பே நீட்டி, மடக்காமல் வைத்திருந்தால் பாயிண்ட் இன் லைன். ஒரே கை, நான்கு பெயர், புள்ளியும் நான்கு விதமாகப் போகும். பட்டியல் மனப்பாடம் உதவாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். எதற்குப் பின் எது வந்தது என்று பார்க்கப் பழகுங்கள், பெயர் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளை விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாயிலில் உடற்பகுதி மட்டுமே செல்லும். 2009 முதல் முகக்கவசத்தின் கழுத்துத் துணியில் கீழ்ப்பகுதியும் சேர்ந்தது. கை, கால், தலையில் பட்டால் வெள்ளை விளக்கு. புள்ளி இல்லை, ஆனால் ஃப்ரேஸ் அங்கேயே நின்றுவிடும். அட்டாக் தொடையில் பட்டு வெள்ளை எரிந்தால், அதற்குப் பின் எதிராளி மார்பில் அழகாகக் குத்தினாலும் அது கணக்கில் வராது.

---

எப்பேக்காரன் எழுதியது:

நடுவர்மேசை சொன்னது ஃபாயிலுக்கும் சேபருக்கும் சரி. ஆனால் வாள்வீச்சுச் சொற்களை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எப்பேயில் முன்னுரிமை என்ற பேச்சே கிடையாது. உச்சந்தலை முதல் கட்டைவிரல் நுனி வரை எங்கே பட்டாலும் செல்லும். யார் முந்திப் பட்டாரோ அவருக்குப் புள்ளி. இருவருக்கும் இடையில் 40 மில்லி விநாடிக்குக் குறைவான இடைவெளி என்றால் இருவருக்கும் புள்ளி, அதுதான் டபுள். நடுவர் கதை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்படியிருந்தும் நாங்கள் பாரி என்கிறோம், ரிபோஸ்ட் என்கிறோம், கவுண்டர் அட்டாக் என்கிறோம். ஏன்? அந்தச் சொற்கள் நடுவருக்காக மட்டும் பிறந்தவை அல்ல. ஆடுகிறவன் தனக்குத்தானே யோசிக்கவும் அவை வேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் சொல் தூரம். கையை நீட்டினாலே எட்டும் தூரமா, லஞ்ச் (முன்காலை நீட்டிப் பாய்வது) போனால் எட்டுமா, ஒரு அடி முன்வைத்து லஞ்ச் போனால்தான் எட்டுமா? இந்த மூன்றும் கண்ணில் பதிய வேண்டும். இரண்டாவது சொல் டெம்போ. ஓர் எளிய அசைவைச் செய்ய ஆகும் நேரம். எதிராளி அடி எடுத்து வைக்கும் நேரத்தில், கையைப் பின்னால் இழுக்கும் நேரத்தில், நீங்கள் ஓர் அசைவை முடித்துவிட முடியுமா? இந்த இரண்டும் தெரியாதவருக்குப் பாரி என்றால் கையால் செய்யும் ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

டபுள் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக், ஆண்கள் எப்பே இறுதி ஆட்டம். ஹங்கேரியின் கேஸா இம்ரே 14-10 என்று முன்னால் நிற்கிறார். தென்கொரியாவின் பார்க் சாங்-யங் எதிரே. இம்ரேவுக்கு ஒரு டபுள் போதும், ஆட்டம் முடிந்தது. பார்க்குக்கு ஒரு டபுள் விழுந்தாலும் தோல்வி. ஆக அவர் தொட வேண்டும், தொடும்போது தான் படாமலும் இருக்க வேண்டும், அதுவும் தொடர்ந்து ஐந்து முறை. செய்தார். 15-14. இம்ரே டபுளைத் தேடி முன்னே வர வர, பார்க் அந்தத் தூரத்தைக் கொடுக்கவே இல்லை. அந்த ஐந்து டச்சையும் திரும்பத் திரும்பப் பாருங்கள். தூரம், டெம்போ என்றால் என்ன என்று நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அப்படிப் புரியாது.

---

புதுக்கையுறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நான்கு பெயர் விஷயத்தை நேற்று வகுப்பில் ஒருவரோடு மெதுவாகச் செய்து பார்த்தேன், நிறையத் தெளிந்தது.

நடுவர்மேசை சார், இரண்டு சந்தேகம்.

ஒன்று: பீட்டும் பாரியும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இரண்டிலும் பிளேடு பிளேடில் 'டக்' என்று மோதுகிறது. எது பீட், எது பாரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரண்டு: அட்டாக் "தொடங்கியது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கால் முதலில் போவதா, கையா?

---

நடுவர்மேசை எழுதியது:

இரண்டுமே நடுவர்கள் தங்களுக்குள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் கேள்விகள்தான்.

பீட் என்பது உங்கள் அட்டாக்குக்காக எதிராளியின் பிளேடைத் தட்டி வழியிலிருந்து விலக்குவது. பாரி என்பது அவருடைய அட்டாக்கைத் தடுப்பது. யார் அட்டாக்கில் இருந்தார் என்பதை முதலில் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்குப் பிளேடில் எந்த இடத்தில் மோதியது என்று பார்ப்போம். கைப்பிடிப் பக்கம் இருக்கும் தடித்த மூன்றில் ஒரு பங்கு ஃபோர்ட். முனைப் பக்கம் உள்ள மூன்றில் இரண்டு பங்கு ஃபாய்பிள். பீட் என்றால் எதிராளியின் ஃபாய்பிளில் விழ வேண்டும். அவருடைய ஃபோர்ட்டில் போய் விழுந்தால் அந்த பீட் சரியாகச் செய்யப்படவில்லை, உடனே ரிபோஸ்ட் செய்யும் உரிமை எதிராளிக்கு வந்துவிடும். அதாவது நீங்கள் தட்டப்போய் அவருக்குப் பாரியைக் கொடுத்துவிட்டதாக ஆகும். அடுத்த முறை பிளேடுகள் மோதும்போது சத்தத்தைக் கேட்காமல் மோதும் இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது அட்டாக். விதிநூல் சொல்வது: கை நீண்டுகொண்டிருக்க வேண்டும், முனை எதிராளியின் செல்லும் பரப்பைத் தொடர்ந்து மிரட்டிக்கொண்டிருக்க வேண்டும், இது லஞ்சுக்கோ ஃப்ளெஷுக்கோ (பின்கால் முன்காலைத் தாண்டும்படி ஓடிப் பாய்வது) முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கவனியுங்கள், கை "நீண்டுவிட" வேண்டும் என்று இல்லை, "நீண்டுகொண்டிருக்க" வேண்டும். சண்டையே இங்குதான். ஃபாயிலில் ஒருவர் கையை மடக்கியபடி வேகமாக முன்னே வருகிறார், எதிராளி பின்வாங்குகிறார். முன்னே வருபவரிடம் அட்டாக் இருக்கிறது என்று பல நடுவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்து வேறு. கை பின்னால் போய்க்கொண்டிருக்கும்வரை அது தயாரிப்புதான். அந்த நேரத்தில் பின்வாங்குகிறவர் சட்டென்று நின்று கையை நீட்டினால் அட்டாக் அவருடையது. கால் எவ்வளவு வேகமாக ஓடினாலும், மிரட்டாத முனைக்கு உரிமை இல்லை.

---

சேபர்_மூன்றாம்வரி எழுதியது:

நடுவர்மேசை அண்ணா, ஃபாயிலுக்கு நீங்கள் சொன்னது இருக்கட்டும். சேபரில் அப்படியே வைத்துப் பார்த்தால் ஓர் ஆட்டத்தையும் நடத்த முடியாது.

சேபரில் இருவருக்கும் நடுவே இருப்பது 4 மீட்டர். பிஸ்டின், அதாவது ஆடும் தளத்தின், நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்கிறோம். நடுவர் "அலே" (தொடங்கு) சொன்னதும் இருவருமே முன்னே பாய்கிறோம். கண் இமைப்பதற்குள் இரண்டு விளக்கும் எரியும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணத்தோடு தொடங்கினால் அது சிமுல்டேனியஸ், யாருக்கும் புள்ளி இல்லை, திரும்பவும் கோட்டுக்கு. ஒருவர் அரை அடி தயங்கினால்கூட நடுவர் மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். இங்கே கால்தான் முதலில் பேசுகிறது. ஆனால் கடைசிச் சொல் கையுடையது: லஞ்ச் போகும்போது முன்கால் தரையைத் தொடும் நேரத்துக்குள் அடி பட்டிருக்க வேண்டும். கால் இறங்கிய பிறகு அடித்தால் அட்டாக் முடிந்துபோன கதை. புதியவர்கள் சேபர் பார்க்கும்போது முன்காலைப் பார்த்தால் பாதி தீர்ப்பு விளங்கும்.

பெட்டியின் நேரமும் வேறு. சேபரில் 170 மில்லி விநாடி. 2016 வரை 120ஆக இருந்தது. அந்தக் குறுகிய நேரத்தில் என்ன ஆகும் என்றால், ஒருவர் சரியாகப் பாரி செய்து திருப்பி அடிப்பதற்குள் எதிராளியின் ரெமீஸ் முந்திப் பட்டு, ரிபோஸ்டின் விளக்கு எரியாமலே போய்விடும். உரிமை உங்களுடையது, விளக்கு இல்லை, புள்ளி அவருக்கு. நேரத்தைக் கூட்டிய பிறகு தடுத்து ஆடுகிறவர்களுக்கு மூச்சு வந்தது. ரெமீஸ், ரிபோஸ்ட் என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே 50 மில்லி விநாடி எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

புதுக்கையுறை, சேபர் பார்க்க விரும்பினால் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய இரண்டு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். துனிசியாவின் நாடியா பென் அஸீஸியை 15-3 என்று வென்றது, பிறகு பிரான்ஸின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தை இரண்டு தடவை பாருங்கள். அட்டாக் எப்போது யார் கையில் இருந்தது, தூரம் எப்படி அவரிடமிருந்து நழுவிப் போனது, பின்பாதியில் எப்படிச் சில புள்ளிகளை மீட்டார் என்பதை நடுவரின் கைச்சாடையோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இழையில் பேசியது எல்லாம் கண்முன் வரும்.

சேபரில் ஃப்ளெஷ் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னே போகும்போது கால்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது.

---

பிள்ளைக்காக எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது, ஃபாயில் பழகுகிறாள். நீங்கள் எல்லாரும் ஆட்டத்துச் சொற்களைப் பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை சாமான் சொற்கள். பிளாஸ்ட்ரான் வாங்கச் சொல்கிறார்கள், லாமே வேண்டும் என்கிறார்கள், 350 நியூட்டனா 800 நியூட்டனா என்று கேட்கிறார்கள். எது உயிர்காக்கும் சாமான், எது விளக்கு எரிவதற்கான சாமான் என்றே எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கைப்பிடியிலும் ஏதோ இரண்டு வகை என்கிறார்கள். யாராவது சொல்ல முடியுமா?

---

ஆயுதப்பெட்டி எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான பிரிப்பு. அப்படியே பிரித்துச் சொல்கிறேன். போட்டிகளில் வாள்களைச் சரிபார்க்கும் மேசையில் இருப்பவன் நான்.

காக்கும் சாமான்கள் முதலில். முகக்கவசம், அதன் கீழே தொங்கும் கழுத்துத் துணி, சட்டை, காற்சட்டை, கையுறை, பிளாஸ்ட்ரான். பிளாஸ்ட்ரான் என்பது சட்டைக்கு உள்ளே, வாள் பிடிக்கும் கைப்பக்கம் போடும் இரண்டாவது அடுக்கு. அக்குளில் தையல் வரக்கூடாது, ஏனென்றால் முறிந்த பிளேடு ஏறும் இடம் அதுதான். பெண் பிள்ளைகளுக்கு மார்புக்காப்பும் உண்டு. நியூட்டன் கணக்கு துணி எவ்வளவு குத்தலைத் தாங்கும் என்பதைச் சொல்வது. சர்வதேசப் போட்டிகளில் சட்டைக்கும் பிளாஸ்ட்ரானுக்கும் 800, முகக்கவசத்தின் கழுத்துத் துணிக்கு 1600. சங்கத்தில் பழகும் குழந்தைக்கு 350 நியூட்டன் உடை பரவலாக இருக்கிறது. உங்கள் சங்கம் எதைக் கேட்கிறதோ அதன்படி வாங்குங்கள். ஆனால் பிளாஸ்ட்ரானை மட்டும் 800ஆகவே வாங்கிவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் ஃபாயில் தங்கம், ஆடிக்கொண்டிருந்தபோது எதிராளியின் பிளேடு முறிந்து முகக்கவசத்தைத் துளைத்தது. அவர் இறந்துபோனார். முகக்கவசம், துணி, பிளேடின் எஃகு ஆகியவற்றின் விதிகள் அதற்குப் பிறகுதான் இறுகின. மாரேஜிங் எஃகு என்று நீங்கள் கேள்விப்படும் பிளேடு விரிசல் மெதுவாகப் பரவும் வகை.

அடுத்து விளக்குக்கான சாமான். லாமே என்பது செல்லும் பரப்பை மூடும், மின்சாரம் கடத்தும் மேல்சட்டை. ஃபாயிலுக்கும் சேபருக்கும் மட்டும். எப்பேக்கு உடம்பு முழுதும் செல்லும் என்பதால் லாமே தேவையில்லை. சட்டைக்குள் ஓடும் கம்பி பாடி வயர். அதன் ஒரு முனை வாளில், மறுமுனை பின்னால் ரீலில் (பெட்டியோடு இணைக்கும் கம்பிச் சுருளில்). லாமே யாரையும் காக்காது. அது கிழிந்தால் விளக்குதான் கெடும்.

முனை. ஃபாயில் முனையை அழுத்த 500 கிராம், எப்பே முனையை அழுத்த 750 கிராம். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஒரு சிறிய எடையை முனைமேல் நிறுத்துவார். உள்ளே இருக்கும் சுருள் அந்த எடையைத் திருப்பித் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அந்த வாள் அந்த ஆட்டத்துக்கு இல்லை. எப்பேக்கு இன்னும் இரண்டு தகட்டுச் சோதனை உண்டு, 1.5 மில்லிமீட்டர், 0.5 மில்லிமீட்டர். உள்ளே சுற்றும் வேறு: ஃபாயிலில் சும்மா இருக்கும்போது சுற்று மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். எப்பேயில் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், அழுத்தினால் மூடும். எப்பேயின் இந்தச் சுற்றைத்தான் 1976 மான்ட்ரியலில் பெந்தத்லான் (வாள்வீச்சும் அடங்கிய ஐந்து விளையாட்டுப் போட்டி) வீரர் பொரிஸ் ஒனிஷ்சென்கோ கைப்பிடிக்குள் ஒளித்த விசையால் மூடி, முனை படாமலே விளக்கை எரிய வைத்தார். பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். அந்தக் கைப்பிடியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கைப்பிடி: நேராக நீண்டிருப்பது ஃபிரெஞ்சுப் பிடி. விரல்களுக்கு இடம்விட்டு வளைந்திருப்பது பிஸ்டல் பிடி. குழந்தைக்கு எது என்று பயிற்றுநர் சொல்லட்டும், கையின் அளவைப் பொறுத்தது.

---

பிள்ளைக்காக எழுதியது:

ஐயா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. பிளாஸ்ட்ரான் 800 என்று குறித்துக்கொண்டேன். நன்றி.

---

வகுப்பறை_வாள் எழுதியது:

பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எப்பேக்காரன் தூரம் என்றார், நடுவர்மேசை ஃப்ரேஸ் என்றார். நான் முதல் நாளே கொடுப்பது எண்கள், அதாவது தடுக்கும் நிலைகளுக்கான பிரெஞ்சு எண் பெயர்கள். உங்கள் உடம்பை உங்கள் வாள்கையை நடுவாக வைத்து நான்காக வெட்டுங்கள். மேலே வெளிப்பக்கம் சிக்ஸ்ட், மேலே உள்பக்கம் கார்த், கீழே உள்பக்கம் செப்டீம், கீழே வெளிப்பக்கம் ஆக்டேவ். ஃபாயிலுக்கு முதல் ஆண்டில் இந்த நான்கு போதும். உள்ளங்கை கீழே பார்க்கும் மற்ற நான்கும் பிறகு வரட்டும். சேபரில் முதலில் வேண்டியது மூன்றுதான்: வெளிப்பக்கத்துக்குத் தியர்ஸ், உள்பக்கத்துக்குக் கார்த், தலைக்குக் கேன்ட்.

எண்கள் தெரிந்தால்தான் டிஸ்என்கேஜ் புரியும். எதிராளி கார்த்துக்குத் தடுக்க வருகிறார், முனையை அவர் பிளேடுக்கு அடியில் ஒரு சிறு வட்டமாகக் கொண்டுபோய் சிக்ஸ்டில் முடிக்கிறீர்கள். அடியில் போகாமல் பிளேடின் முனையைத் தாண்டி மேலாகப் போனால் கூப்பே. விரலால் செய்ய வேண்டியது இது, தோளால் அல்ல. என் மாணவர்களுக்கு ஒரு காசு அளவு வட்டம் என்று சொல்வேன்.

---

புதுக்கையுறை எழுதியது:

ஐயா, அந்தக் காசு அளவு வட்டம் என் வகுப்பிலும் சொல்கிறார்கள், என் வட்டம் இப்போதைக்குத் தட்டு அளவில் இருக்கிறது.

ரெமீஸ், ரெதூப்லமான், ரெப்ரீஸ் மூன்றையும் யாராவது பிரித்துச் சொல்லுங்களேன். மூன்றும் "திரும்ப அடிப்பது" என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

---

நடுவர்மேசை எழுதியது:

ரெமீஸ்: முதல் அட்டாக் தடுக்கப்பட்டது அல்லது எட்டவில்லை. கையை இழுக்காமல், அதே கோட்டில், அப்படியே மறுபடி வைப்பது. ரெதூப்லமான்: எதிராளி தடுத்துவிட்டுத் திருப்பி அடிக்கவில்லை, அல்லது பின்வாங்கித் தப்பினார். அப்போது கையை மாற்றியோ கோட்டை மாற்றியோ புதிதாக ஓர் அடி. ரெப்ரீஸ்: என்கார்டுக்கு (தயார் நிலைக்கு) திரும்பி வந்து உடனே இன்னோர் அட்டாக்.

புள்ளி கொடுக்கும்போது எங்களுக்கு முக்கியம் ஒன்றுதான்: இந்த இடைவெளியில் எதிராளி ரிபோஸ்டைத் தாமதமில்லாமல் தொடங்கினாரா இல்லையா. தொடங்கியிருந்தால் மூன்றுமே தோற்கும்.

---

வகுப்பறை_வாள் எழுதியது:

புதியவர்களுக்கு ரெமீஸ் ஒன்று போதும் என்பது என் எண்ணம். மற்ற இரண்டும் போட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

---

எப்பேக்காரன் எழுதியது:

அதில் எனக்கு உடன்பாடில்லை. எப்பேயில் எதிராளி தடுத்துவிட்டு நின்றுவிட்டால் ரெதூப்லமான்தான் சோறு போடும். முதல் லஞ்சைப் பொய்யாகப் போட்டு, அவர் பாரியை வரவழைத்து, பின்காலை இழுத்துக்கொண்டு மறுபடி போவது எங்கள் அன்றாட வேலை. எதிராளியின் பதிலை முன்கூட்டியே எதிர்பார்த்து ஆடும் இதற்கு இரண்டாம் நோக்கம் என்று பெயர். தொடக்கத்திலேயே கேள்விப்பட்டிருந்தால் நல்லது.

புதுக்கையுறை, இன்னொரு குழப்பமும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முன்னுரிமை என்ற சொல்லை எப்பே ஆட்டத்திலும் கேட்பீர்கள். அது வேறு. நேரம் முடியும்போது இருவரும் சமமாக இருந்தால் கூடுதலாக ஒரு நிமிடம். அந்த நிமிடம் தொடங்கும் முன் சீட்டுக் குலுக்குவது போல ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார். யாரும் தொடாமல் நிமிடம் முடிந்தால் அவருக்கு வெற்றி. அதையும் முன்னுரிமை என்றுதான் சொல்கிறோம்.

2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் எப்பே அரையிறுதி. தென்கொரியாவின் ஷின் ஆ-லம், ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமன், 5-5. முன்னுரிமை ஷின்னிடம். கடிகாரத்தில் மீதி ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்குள் "அலே", "ஆல்ட்" (நிறுத்து) என்று பலமுறை நடந்தும் கடிகாரம் ஒன்றிலேயே நின்றது. கடைசியில் ஹைடமன் தொட்டுவிட்டார். முறையீடு நிராகரிக்கப்படும்வரை ஷின் அழுதபடி பிஸ்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போனால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அந்த ஆட்டத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. கடிகாரம் ஓடியிருந்தால் இறுதிக்குப் போயிருக்க வேண்டியவர் அவர்.

---

புதுக்கையுறை எழுதியது:

அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். மனசு கனத்துப்போனது.

நேற்று வகுப்பில் நடந்த ஒரு ஃப்ரேஸை எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள். நான் என்கார்டில் நிற்கிறேன். எதிராளி முன்னே வருகிறார். வந்துகொண்டே என் பிளேடைத் தட்ட வலப்பக்கமாகக் கையை வீசுகிறார். நான் முனையைக் கீழே சுற்றிக் கொண்டுபோய்விட்டேன், அவருக்குப் பிளேடு கிடைக்கவில்லை. சுற்றிய கையோடு அப்படியே நீட்டி லஞ்ச் போனேன். அவரும் நீட்டினார். இரண்டு பக்கமும் வண்ண விளக்கு. பயிற்றுநர் எனக்குக் கொடுத்தார், காரணம் சொல்ல நேரமில்லை.

---

சேபர்_மூன்றாம்வரி எழுதியது:

முன்னே வந்தது அவர்தானே? முதலில் அட்டாக் அவருடையது என்று சொல்வேன். நீங்கள் நீட்டியது கவுண்டர் அட்டாக். எனக்கு அவர் பக்கம்தான் தோன்றுகிறது.

---

நடுவர்மேசை எழுதியது:

இல்லை தங்கச்சி. அவர் முன்னே வந்தார், சரி. ஆனால் கை என்ன செய்துகொண்டிருந்தது? பிளேடைத் தேடிக்கொண்டிருந்தது. ஃபாயிலில் எதிராளியின் பிளேடைத் தேடி, அது கிடைக்காமல் போனால் உரிமை எதிராளிக்குப் போகும். அந்த நொடியில் புதுக்கையுறை நீட்டிவிட்டார், இடையில் தயக்கமில்லை. "வலப்பக்கம் தேடல், கிடைக்கவில்லை, இடப்பக்கம் அட்டாக், டச்" என்று நானும் அவருக்கே கொடுப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. சுற்றியதற்கும் நீட்டியதற்கும் நடுவே கை கொஞ்சமாவது நின்றதா?

---

புதுக்கையுறை எழுதியது:

நிற்கவில்லை. சுற்றின வேகத்திலேயே போய்விட்டது.

---

நடுவர்மேசை எழுதியது:

அப்படியானால் சந்தேகமே இல்லை. நின்றிருந்தால் அவர் அதற்குள் மறுபடி தொடங்கியிருப்பார், புள்ளி அந்தப் பக்கம் போயிருக்கும்.

போட்டியில் இப்படி ஒன்று புரியாவிட்டால் நடுவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். "பாரி நடக்கவில்லை" என்று நடந்ததைப் பற்றி வாதாட முடியாது, அது அவர் கண்டது. "தேடிக் கிடைக்காமல் போனால் உரிமை யாருக்கு?" என்று விதியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர். கேட்கும்போது முகக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன் "ஆல்ட்" சொல்லியாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சேபர்_மூன்றாம்வரி எழுதியது:

சரி அண்ணா, தேடல் என்று சொன்னதும் ஒத்துக்கொள்கிறேன். சேபரிலும் பிளேடு கிடைக்காமல் போனால் உரிமை போகும். ஆனால் எங்கள் வேகத்தில் நீங்கள் சொல்லும் அந்தச் சுற்றைக் கண்ணால் பார்க்கவே காணொளியை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும். புதுக்கையுறை, அந்த ஆட்டம் யாராவது படம் பிடித்திருந்தால் இங்கே போடுங்கள், முன்காலை நான் பார்த்துச் சொல்கிறேன்.